அத்தியாயம் 9: தொட்டி திடீரெனப் பச்சையாகிவிட்டால்

வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கும் எவருக்கும் இது ஒரு நாள் வரும். வெள்ளிக்கிழமை மீன்கள் தெளிவாகத் தெரிந்தன. அடுத்த புதன்கிழமை தொட்டிக்குள் கீரைச் சாற்றைக் கரைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, பின்பக்கக் கண்ணாடியே தெரியவில்லை. இல்லாவிட்டால் தண்ணீர் தெளிவாக இருக்கும், செடிகளின் இலைகளில் மட்டும் பச்சை மயிர் முளைத்திருக்கும். கை உடனே வாளியைத் தேடும். தொட்டியை முற்றத்துக்குத் தூக்கிப்போய், சல்லியைக் கொட்டி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பினால் தொல்லை முடிந்தது என்று தோன்றும்.

அதை மட்டும் செய்யாதீர்கள். சல்லியிலும் பில்டர் ஸ்பொஞ்சிலும் குடியிருக்கும் பற்றீரியாக்கள்தான் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. தேய்த்துக் கழுவினால் அந்தப் பற்றீரியாக்கள் போய்விடும். அவை திரும்ப வளர 4 முதல் 6 கிழமை எடுக்கும். அதற்குள் மீன் சாகும், பாசியோ முன்னரே வந்துவிடும். பாசி மீனைக் கொல்வது அபூர்வம். பாசியைக் கண்டு பதறுகிறவர்கள்தான் பெரும்பாலும் கொல்கிறார்கள்.

இந்த நூலின் மற்ற அத்தியாயங்களைப் போலவே இதையும் மாங்கேணியை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பாற்று வாவி, நடுவில் மணல் நிலம், வளவுக்குள் கிணறு. குழாய்த் தண்ணீரை வைத்து எழுதிய நகரத்து ஆலோசனைகள் இங்கே பாதிதான் பலிக்கும். காயங்கேணியிலோ பனிச்சங்கேணியிலோ வாகரையிலோ இருப்பவர்களுக்கும் நிலைமை இதுதான்.

எந்தப் பாசி? முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர்

வெள்ளைக் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் தொட்டித் தண்ணீரை மொண்டு, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள்.

கிளாஸுக்குள்ளும் பச்சை என்றால் பாசி தண்ணீரில் மிதக்கிறது. இதைப் பச்சைத் தண்ணீர் என்போம். ஒற்றைக் கலப் பாசி. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது, துடைத்தும் எடுக்க முடியாது. கிளாஸில் தண்ணீர் தெளிவாக இருந்தால் பாசி கண்ணாடியிலோ செடியிலோ கல்லிலோ ஒட்டியிருக்கிறது. பால் கலந்ததுபோல் வெண்மையாக இருந்தால் அது பாசியே இல்லை, பற்றீரியாப் பெருக்கம். புதுத் தொட்டியிலும் பில்டரை அதிகமாகக் கழுவிய பிறகும் வரும். அதற்கு இந்த அத்தியாயம் உதவாது. தீனியைக் குறைத்து, எயார் பம்பைக் கூட்டி, பொறுத்திருந்தால் தானாகத் தெளியும்.

ஒட்டியிருக்கும் பாசி என்றால் விரலால் தடவிப் பாருங்கள்:

- மாவுபோல் மண்ணிறம், தொட்டவுடன் கழன்றுவிடும்: டயற்றம். புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும், தானே போகும். துடைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.
- கடும்பச்சைப் புள்ளிகள், நகத்தால் சுரண்டினாலும் வராது: பச்சைப் புள்ளிப் பாசி. வெளிச்சம் நீண்ட நேரம் கிடைத்திருக்கிறது.
- நூல்நூலாக, இழுத்தால் நீளும்: நூற்பாசி.
- கறுப்பு அல்லது சாம்பல் நிறக் குட்டைத் தாடி, இலை ஓரத்திலும் பில்டர் வாயிலும்: கறுந்தாடிப் பாசி. பார்க்கக் கறுப்பு என்றாலும் சிவப்புப் பாசிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு துண்டை வினாகிரியில் போட்டு வைத்தால் சிவந்துவிடும். சந்தேகம் தீர அதுவே வழி.
- நீலப்பச்சையில் வழுவழுப்பான படலம், விரலால் தள்ளினால் போர்வைபோல் உரியும், கெட்ட மணம்: இது உண்மையில் பாசி இல்லை, சயனோபற்றீரியா. வெறுங்கையால் அதிகம் அளையாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கடந்த இரண்டு கிழமையில் என்ன மாறியது?

கோட்பாடு இவ்வளவுதான்: வெளிச்சமும் உரமும் ஒன்றாகக் கிடைத்தால் பாசி பெருகும். உரம் என்றால் நைத்திரேற்றும் பொஸ்பேற்றும். கனடாவின் ஒன்ராறியோவில் 1973இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஒரு ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் காபனும் நைதரசனும் இட்டார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் பொஸ்பரசும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் பச்சையாகிவிட்டது, மறுபக்கம் அப்படியே இருந்தது. நம் நாட்டில் 1999இல் கண்டி ஏரி பச்சைப் படலம் போட்டதும் இதே வகைக் கதைதான்: நகரத்துக் கழிவு, தேங்கிய தண்ணீர், வெயில். உங்கள் தொட்டிக்குப் பொஸ்பரஸ் வரும் பெரிய வழி மீன்தீனி டப்பா.

திடீரென வந்த பாசிக்குத் திடீர்க் காரணம் ஒன்று இருக்கும். கீழே உள்ளவற்றில் எது உங்கள் வீட்டில் நடந்தது என்று பாருங்கள்.

- தொட்டியை இடம் மாற்றினீர்களா? யன்னல் வெயில் ஒரு மணி நேரம் விழுந்தாலும் போதும். சூரியன் இருக்கும் பக்கமும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. மார்கழியில் வெயில் படாத மூலையில் சித்திரையில் படலாம்.
- புது எல்ஈடி லைற் பூட்டினீர்களா? இரவு முழுக்க எரியவிட்டீர்களா?
- பள்ளி விடுமுறையா? பிள்ளைகள் ஆளுக்கொரு தரம் தீனி போடுவார்கள். நான் பார்த்த பச்சைத் தொட்டிகளில் அரைவாசிக்குக் காரணம் இதுதான் என்பேன்.
- கரண்ட் பல மணி நேரம் நின்றதா? மூடிய பில்டருக்குள் தேங்கிய தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா சாகும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தொட்டிக்குள் கொட்டும்.
- மீன் ஏதாவது காணாமல் போனதா? கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடக்கும்.
- மழை பெய்ததா? அப்படியென்றால் கிணறு.

வேலை வரிசை

எந்தப் பாசியாக இருந்தாலும் முதல் நாள் வேலை ஒன்றுதான். வரிசையை மாற்றாதீர்கள், கண்ணாடியைத் துடைக்கும் முன் தண்ணீரை மாற்றினால் துடைத்த அழுக்கெல்லாம் புதுத் தண்ணீரில் கலக்கும்.

1. லைற், பம்ப், ஹீற்றர் எல்லாவற்றினதும் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக் வெளியே வர வேண்டும்.

2. முந்திய நாள் இரவே வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் தயாராக இருக்கிறதா என்று பாருங்கள். கிணற்றிலிருந்து அப்போதே அள்ளிய தண்ணீர் தொட்டியை விடக் குளிர்ந்திருக்கும். ஓர் இரவு அறைக்குள் இருந்தால் சூடு சமமாகும்.

3. கண்ணாடியை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பழைய பிளாஸ்டிக் அட்டை, வங்கி அட்டை மாதிரி ஒன்று, நன்றாகச் சுரண்டும். அடியில் சல்லிக்கு இரண்டு விரல் மேலேயே நிறுத்துங்கள். அட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மணல் அகப்பட்டால் கீறல் ஆயுளுக்கும் போகாது. அக்ரிலிக் தொட்டியில் பிளேட் கூடவே கூடாது.

4. நூற்பாசிக்குப் பழைய பற்பிரஷ்தான் கருவி. பாசிக்குள் நுழைத்து ஒரே பக்கமாகச் சுழற்றுங்கள். நூல்கள் தும்புமிட்டாய் சுற்றுவதுபோல் பிரஷில் சேர்ந்து திரளும். பிடுங்கி இழுக்காமல் மெதுவாகத் தூக்கினால் ஒரு கைப்பிடி அளவு ஒரே தரத்தில் வந்துவிடும். அறுந்த துண்டு ஒவ்வொன்றும் திரும்ப முளைக்கும் என்பதால் மிதப்பவற்றை வலையால் அள்ளுங்கள்.

5. பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள். அழுக்கு அடியில் படியட்டும்.

6. குழாயால் அடிச் சல்லியை உறிஞ்சுங்கள். வாயால் உறிஞ்சித் தொடங்க வேண்டாம். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இரண்டு நுனியையும் பெருவிரலால் அடைத்து, ஒன்றைத் தொட்டிக்குள்ளும் மற்றதைத் தாழ்ந்த வாளிக்குள்ளும் வைத்து விரலை எடுங்கள். தானே ஓடும்.

7. நாலில் ஒரு பங்கு தண்ணீர் போனதும் நிறுத்துங்கள். கணக்கு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர். இரண்டடித் தொட்டி 60 × 30 × 30 என்றால் 54 லீற்றர். சல்லியும் மேல் இடைவெளியும் போக ஏறக்குறைய 45. நாலில் ஒன்று 11 லீற்றர், அதாவது சாதாரண வாளியில் ஒரு வாளி.

8. புதுத் தண்ணீரை ஒரு கோப்பையால் மெதுவாக ஊற்றுங்கள்.

9. பிளக்கைப் போடுங்கள். பில்டர் ஓடுகிறதா, மேல்மட்டம் அசைகிறதா என்று பாருங்கள். அசையும் மேல்மட்டத்தால்தான் ஒட்சிசன் உள்ளே போகிறது.

10. இரண்டு நாள் தீனி இல்லை. வளர்ந்த மீன் தாங்கும். குஞ்சு இருந்தால் மட்டும் சிட்டிகை போடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து நாளுக்கு ஒரு தரம், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

11. லைற் நாளுக்கு 5 மணி நேரம். செடி இல்லாத தொட்டிக்கு லைற்றே வேண்டாம். ரைமர் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். மறதிக்கு மருந்து அதுதான்.

மூன்று நாளுக்கு ஒரு தரம் இதே அளவு தண்ணீரை மாற்றி, மொத்தம் நான்கு தரம் செய்யுங்கள். ஒவ்வொரு தரமும் நாலில் மூன்று பங்கு மிஞ்சுகிறது. நான்கு தரத்துக்குப் பிறகு பழைய அழுக்கில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவுதான் இருக்கும். ஒரே நாளில் முழுவதையும் மாற்றினால் கணக்கில் இலாபம்போல் தெரியும். மீன் அந்த அதிர்ச்சியைத் தாங்காது.

*கவனிக்க:* பில்டர் ஸ்பொஞ்சை அன்றே கழுவ வேண்டாம். மூன்று நாள் கழித்து, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தரம் பிழிந்து திரும்பப் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள்.

கிணற்றைக் கேளுங்கள்

தண்ணீர் மாற்றியும் பாசி குறையவில்லை, கூடுகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. இங்கே அதற்குப் பெரும்பாலும் கிணறுதான் காரணம்.

மணல் நிலத்தில் மேலே போடுவது எல்லாம் கீழே இறங்கும். கச்சான் தோட்டத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட யூரியா, மலசலகூடக் குழி, மாட்டுப்பட்டி எல்லாம் ஐப்பசி மழையோடு கரைந்து நிலத்தடி நீரில் சேரும். கார்த்திகை, மார்கழியில் நீர்மட்டம் உயர்ந்து குழிகளைத் தொடும். அப்போது கிணற்றுத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், உள்ளே நைத்திரேற்று இருக்கும். மேற்குக் கரையில் கற்பிட்டியின் மணல் நிலக் கிணறுகளில் உரத்தால் நைத்திரேற்று கூடியது ஆய்வாளர்கள் பல முறை எடுத்துக்காட்டிய விடயம். நம் மணலும் அதே குணம் உள்ளதுதான்.

மீன் கடைகளில் நைத்திரேற்றுப் பரிசோதனைப் பட்டி கிடைக்கும். மட்டக்களப்புக்குப் போகும்போது ஒரு பெட்டி வாங்கி வையுங்கள். மூன்றைச் சோதியுங்கள்: தொட்டி, கிணறு, முடிந்தால் மழைத் தண்ணீர்.

- தொட்டியில் அதிகம், கிணற்றில் குறைவு: தீனியும் அழுக்கும்தான் காரணம். மேலே சொன்ன வரிசை போதும்.
- இரண்டிலும் அதிகம்: தண்ணீர் மாற்றுவது பாசிக்குப் பசளை போடுவதாகிவிடும். மழைத் தண்ணீரைக் கலக்க வேண்டும், செடி வைக்க வேண்டும்.
- இரண்டிலும் ஒன்றுமில்லை, ஆனால் தொட்டி பச்சை: ஏமாறாதீர்கள். இருந்ததையெல்லாம் பாசியே உறிஞ்சி முடித்திருக்கலாம். வெளிச்சத்தைக் குறையுங்கள்.

கிணற்றில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால் மீனை விடுங்கள். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. குடிதண்ணீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை அது. அந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். கடைப் பட்டி துல்லியமானது அல்ல. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி முறையாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கோடையில் தொல்லை வேறு மாதிரி. கச்சான்காற்று அடிக்கத் தொடங்கினால் தொட்டித் தண்ணீர் வேகமாக வற்றும். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அப்படியே கிடக்கிறது. கரையோரக் கிணறுகள் அந்த மாதங்களில் ஏற்கெனவே உவர்க்கத் தொடங்கியிருக்கும். வற்றியதை நிரப்ப அதே தண்ணீரை ஊற்ற ஊற்ற உப்பு ஏறும். மொலியும் கப்பியும் தாங்கும். செடிகள் வாடும், வாடிய செடியின் இடத்தைப் பாசி பிடிக்கும். ஆகவே கோடையில் வற்றியதை மட்டும் நிரப்பிக்கொண்டு இருக்காதீர்கள். பழைய தண்ணீரை எடுத்துவிட்டு நிரப்புங்கள்.

மழைத் தண்ணீர் பிடிக்க: முதல் மழையைக் கூரை கழுவ விடுங்கள். அடுத்த மழையில் ஓட்டுக் கூரையிலிருந்து, அல்லது திறந்த வெளியில் வைத்த சுத்தமான பிளாஸ்டிக் பெரலில் பிடியுங்கள். புதுத் தகரக் கூரையில் பிடிக்க வேண்டாம். அதன் நாகப்பூச்சு கரைந்தால் மீனுக்குக் கெடுதி. மழைத் தண்ணீரில் கனியுப்பு ஏறக்குறைய இல்லை என்பதால் பாதிக்கு மேல் சேர்க்காதீர்கள். பாதி மழை, பாதி கிணறு.

*எச்சரிக்கை:* வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளுக்குக் குளோறின் போடுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கிணறு இறைத்ததும் குளோறின் போட்டதும் பலருக்கு நினைவிருக்கும். குளோறின் போட்ட கிணற்றுத் தண்ணீர் மீனையும் பில்டர் பற்றீரியாவையும் கொல்லும். மணம் முற்றாகப் போகும்வரை, குறைந்தது இரண்டு நாளாவது, திறந்த வாளியில் எயார் பம்ப் போட்டு வைத்துவிட்டுப் பாவியுங்கள். நீர்வழங்கல் சபைக் குழாய்த் தண்ணீருக்கு 24 மணி நேரம். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் குளோறின் நீக்கித் துளி.

நைத்திரேற்றைக் குறைக்க மலிவான வழி இரண்டு கங்குன் தண்டு. சந்தையில் வாங்கிய கங்குனில் வேர் விடக்கூடிய கணுவுள்ள தண்டைத் தேர்ந்து, நன்றாகக் கழுவி, இலை தண்ணீருக்கு மேலேயும் அடி தண்ணீருக்குள்ளேயும் இருக்கும்படி தொட்டி விளிம்பில் கட்டிவிடுங்கள். ஒரு கிழமைக்குள் வெள்ளை வேர் இறங்கும். அதில் வளரும் ஒவ்வொரு இலையும் பாசிக்குப் போயிருக்கவேண்டிய உரம். மணி பிளான்ற் தண்டும் இதே வேலையைச் செய்யும். தொட்டியில் எந்த மருந்தாவது ஊற்றியிருந்தால் அந்தக் கங்குனைச் சுண்டிச் சாப்பிட வேண்டாம்.

பச்சைத் தண்ணீருக்கு மூன்று நாள் இருட்டு

மிதக்கும் பாசி ஒரே நாளில் இரட்டிப்பாகக் கூடியது. இன்று பாதித் தண்ணீரை மாற்றினால் நாளை மாலை பழையபடி நிற்கும். இதற்கு வெளிச்சத்தை அறவே வெட்ட வேண்டும்.

1. வேலை வரிசையின் முதல் ஒன்பது படியையும் முடியுங்கள்.
2. எயார் பம்ப் ஓடட்டும். இது இல்லாவிட்டால் இருட்டடிப்பைத் தொடங்கவே வேண்டாம்.
3. நாலு பக்கமும் கறுப்புப் பொலித்தீன் அல்லது இரண்டு மடிப்புப் பழைய சாரம் சுற்றுங்கள். மேல்புறத்தைக் கடதாசி மட்டையால் மூடி, ஓரத்தில் இரண்டு விரல் காற்று இடைவெளி விடுங்கள். மோட்டரையும் பிளக்கையும் துணியால் மூடாதீர்கள்.
4. தீனி இல்லை. லைற் இல்லை. 72 மணி நேரம்.
5. தினமும் விடியற்காலையில் ஒரு தரம் துணியை விலக்கி மீனைப் பாருங்கள். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஒட்சிசன் குறைகிறது. உடனே மூடியை எடுத்து, ஒரு வாளி தண்ணீர் மாற்றி, இருட்டடிப்பை நிறுத்துங்கள்.
6. நான்காம் நாள் மாலை திறவுங்கள். தண்ணீர் தெளிந்திருக்கும் அல்லது சாம்பலாகக் கலங்கியிருக்கும். அது செத்த பாசி. அன்றே மூன்றில் ஒரு பங்கு, மறுநாள் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் செத்த பாசி அழுகித் திரும்ப உரமாகும்.
7. ஸ்பொஞ்சைப் பிழியுங்கள்.
8. லைற் முதல் கிழமை 4 மணி நேரம். கிழமைக்கு ஒரு மணி நேரம் கூட்டி 7இல் நிறுத்துங்கள்.

விடியற்காலை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பகலில் பாசி ஒட்சிசன் விடுகிறது. பின்னேரம் நூற்பாசியில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டி நிற்பது அதுதான். இரவில் பாசியும் மீனும் ஒரே ஒட்சிசனுக்குப் போட்டி. ஆகவே விடியும் முன்தான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. சூடான தண்ணீர் ஒட்சிசனைக் குறைவாகவே பிடிக்கும்: 20 பாகை செல்சியசில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால் 30 பாகையில் ஏழரைதான். ஆடி மாத வெக்கையில் பாசியை ஒரே அடியாகச் சாகடிக்கும் எந்த வழியும் ஆபத்து. அந்த மாதங்களில் நான் என்றால் இருட்டடிப்பைச் செய்யாமல் லைற்றைக் குறைத்துத் தண்ணீர் மாற்றிக்கொண்டு இருப்பேன்.

பணம் செலவழிக்க முடிந்தால் புறஊதா லைற் பொருத்திய பில்டர் பச்சைத் தண்ணீரை நன்றாகத் தெளிய வைக்கும். ஒட்டிய பாசிக்கு அது உதவாது. எரியும் அந்த லைற்றை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது.

பிடிவாதக்காரர்கள்

கறுந்தாடிப் பாசி கையால் வராது. பிடித்த இலைகளை வெட்டி எறியுங்கள். கல்லோ மரக்கட்டையோ என்றால் தொட்டியை விட்டு வெளியே எடுத்து, பாமசியில் வாங்கும் 3 சதவீத ஐதரசன் பரவொட்சைட்டைத் தூரிகையால் தடவி, ஐந்து நிமிடம் கழித்து நன்றாகக் கழுவித் திரும்பப் போடுங்கள். சில நாளில் பாசி இளஞ்சிவப்பாகி வெளிறும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் நேரடியாக ஊற்றும் முறையும் உண்டு. அளவு பிழைத்தால் மீன் போகும் என்பதால் இந்த நூலில் அதைச் சொல்லித்தரவில்லை.

சயனோபற்றீரியாவின் சில இனங்கள் நஞ்சு சுரப்பவை. கையில் காயம் இருந்தால் கையுறை கட்டாயம். படலத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, தண்ணீர் ஓட்டம் படாத மூலைகளுக்கு ஓட்டம் போகுமாறு பம்பைத் திருப்பி, மூன்று நாள் இருட்டடியுங்கள். அன்ரிபயோட்டிக் குளிசையைக் கரைத்து ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது பில்டர் பற்றீரியாவையும் தாக்கும், மருந்துக்கு அடங்காத கிருமியையும் வளர்க்கும். செய்யாதீர்கள்.

கடை மருந்தும் வீட்டு மருந்தும்

சீனாக்காரம்: கலங்கிய குடிதண்ணீரைத் தெளிய வைப்பதுபோலத் தொட்டியையும் தெளிய வைக்கும், கூடவே தண்ணீரை அமிலமாக்கும். மழைத் தண்ணீர் கலந்த தொட்டியில் மீன் ஒரே இரவில் சாகலாம்.

மயில்துத்தம்: செம்பு பாசியைக் கொல்லும். இறாலையும் நத்தையையும் அதற்கு முன்பே கொல்லும். கடைகளில் பாசிக்கொல்லி என்று விற்கும் சில போத்தல்களிலும் செம்புதான் இருக்கிறது, லேபலைப் படியுங்கள்.

உப்பு: நன்னீர் மீன் தாங்கும் அளவில் பாசி சாகாது.

குளோறின் தூள்: வெறுமையாக்கிய தொட்டியைக் கழுவலாம், மீன் உள்ள தொட்டிக்குப் பக்கத்திலும் கொண்டுபோகக் கூடாது. அதை வினாகிரியோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

பாசி தின்னும் மீன் வாங்கலாமா?

வாங்கலாம், பாசி வந்த பிறகு வேண்டாம். தொட்டி தெளிந்த பிறகு திரும்ப வராமல் காக்கத்தான் அவை உதவும். இங்கே எளிதில் கிடைப்பதில் மொலிதான் என் தெரிவு: நூற்பாசியை மேயும், கொஞ்சம் உவர்த் தண்ணீரும் பிரச்சினை இல்லை. வயிறு நிறையத் தீனி போட்டால் அதுவும் பாசியைத் திரும்பிப் பார்க்காது. பச்சைத் தண்ணீரைத் தின்று முடிக்கும் மீன் கடையில் இல்லை.

ராங்க் கிளீனர் என்று விற்கும் உறிஞ்சுவாய்க் கெளிறு கடையில் விரலளவு. அது ஒரு அடிக்கு மேல் வளரும், போடும் கழிவு தின்னும் பாசியை விட அதிகம். தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும் பலர் குளத்தில் விட்டுவிடுகிறார்கள்; இலங்கையின் நீர்நிலைகளில் அது ஆக்கிரமிப்பு மீனாகப் பெருகியது அப்படித்தான். வாங்காமல் இருப்பதே நல்லது.

வாவியிலிருந்து செடி, நத்தை, சேறு எடுத்துவந்து போடாதீர்கள். பாசி வித்தும் ஒட்டுண்ணியும் சேர்ந்தே வரும். கடையில் வாங்கிய செடியையும் கொண்டிஸை இளஞ்சிவப்பாகக் கரைத்து பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவிய பிறகே நடுங்கள். கடற்கரையில் பொறுக்கிய முருகைக்கல்லை அழகுக்காக வைப்பதும் வேண்டாம். அதன் துளைகளில் பாசி பிடித்தால் எடுக்க வழியில்லை, நம் கடினத் தண்ணீரை இன்னும் கடினமாக்கும். காயங்கேணிக் கடற்பகுதி 2019இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

பாதுகாப்பு

- தொட்டிக்குப் போகும் ஒவ்வொரு வயரும் பிளக்கை விடத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போக வேண்டும். வயர் வழியே ஒழுகும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.
- வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திச் சோதித்த பிறகே தொட்டியில் கை வையுங்கள்.
- நிறைந்த தொட்டியை நகர்த்தாதீர்கள். 54 லீற்றர் என்றால் 54 கிலோ, கண்ணாடியும் சல்லியும் அதற்கு மேல். அடிப்பலகை நெளிந்தாலே பசை விட்டுவிடும்.
- தொட்டி வாளியைச் சமையலுக்கும் குளிப்புக்கும் எடுக்க வேண்டாம். சவர்க்காரம் பட்ட வாளி தொட்டிக்கும் ஆகாது.
- வேலை முடிந்ததும் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகள் உதவ வந்தால் அவர்களுக்கும்.

எடுத்த தண்ணீரும் பாசியும்

பச்சைத் தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல பசளை. மருந்து ஊற்றாத, உப்பு ஏறாத தண்ணீர் என்றால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றலாம். கிணற்றிலிருந்து தள்ளி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அதே நைத்திரேற்றை அடுத்த மாதம் திரும்ப அள்ளுவீர்கள். அள்ளிய பாசியையும் வெட்டிய செடியையும் வெயிலில் காயவைத்துப் புதையுங்கள். வாய்க்காலிலோ வாவியிலோ கொட்டாதீர்கள். 1905இல் அழகுக்காக இலங்கைக்கு வந்த ஆற்றுவாழையை ஒழிக்க 1909இலேயே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. இன்றும் குளங்களில் அது கிடக்கிறது.

கப்பி, மொலி குஞ்சு வளர்க்கிற எண்ணம் இருந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, வாயை மெல்லிய துணியால் கட்டி, வெயில் விழும் மதிலோரம் வையுங்கள். தெள்ளுப்பூச்சி என்று சொல்லும் டப்னியாவை அதில் வளர்க்கலாம்; குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி கடையில் கிடைக்காது. அதை வளர்க்கும் முறை அடுத்த அத்தியாயத்தில்.